எதிரொலி சொன்ன நரகம்

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது. எதிரொலி என்று சொன்னால்தான் தெரியும். வார நாட்களில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஆங்கிலத்தில் பேசுகிற பிரசங்கியார் யாராவது வந்துவிட்டால், அவர் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் சொல்வதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்பவர். சபை வாலிபர்களில் ஒருவன் விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

உண்மையில் அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. எதிரொலி என்றால் கேட்டதைத்தான் திருப்பித் தர வேண்டும். இவரோ ஒன்று கேட்டால் பத்தாகத் தருகிறவர். பிரசங்கியார் அன்பு என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கப் போனால், தாயின் அன்பு, தகப்பனின் அன்பு, தாயும் தகப்பனும் கைவிட்டாலும் கைவிடாத அன்பு என்று இவர் அடுக்கி முடிக்கிற வரைக்கும் அந்த மனிதர் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அன்புக்கே இப்படி என்றால் நரகத்துக்குக் கேட்க வேண்டுமா? ஹெல் என்கிற அந்த ஓரசை ஆங்கில வார்த்தை இவர் காதில் நுழைந்து வாய் வழியாக வெளியே வரும்போது நெருப்பு வரும், கரிந்த தோல் வரும், ஒரு சொட்டுத் தண்ணீருக்கு நீட்டின நாக்கு வரும், முடிவே இல்லாத ராத்திரி வரும். பெஞ்சுகளில் விசும்பல் கேட்கும். ஒருமுறை ஒரு பிரசங்கியார் கூட்டம் முடிந்ததும் இவர் தோளில் கைபோட்டு, நான் சொன்னது ஒரு வார்த்தைதானே, உங்கள் மொழியில் அது அவ்வளவு நீளமா என்று கேட்டார். எங்கள் மொழி அப்படித்தான் என்று இவர் கூசாமல் சொன்னார்.

இந்த வேலையில் இன்னொரு சங்கதி உண்டு. பிரசங்கியார் நான் என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவரும் நான் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இப்படிச் சொல்கிறார், அப்படிச் சொல்கிறார் என்று இழுத்தால் கூட்டம் தூங்கிவிடும். ஆகவே எதிரொலி மேடையில் விமானம் ஓட்டியிருக்கிறார், குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்திருக்கிறார், சிறைக்குப் போயிருக்கிறார், மூன்று தடவை மனைவியைப் பறிகொடுத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி இது தெரியாமல் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, புருஷன் பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்த கதையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததும், கட்டிக் கொடுக்கும்போது எங்க வீட்டுல இதைச் சொல்லவே இல்லையே என்று கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு மேடையிலிருந்து அவர் சொல்லும் எந்த நானையும் அவள் அவர் தலையில் ஏற்றியதில்லை. அது யாரோ ஊர் பேர் தெரியாதவருடைய நான். புருஷன் அதை எடுத்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

மகனுக்கும் இது ஒரு விளையாட்டு. ஞாயிறு மதியம் சாப்பிட உட்காரும்போது கேட்பான்.

"அப்பா, இன்னைக்கு யாரா இருந்தீங்க?"

"கப்பல் மாலுமி. புயல்ல மாட்டிக்கிட்டேன்."

"நீச்சல் தெரியாம எப்படிப்பா தப்பிச்சீங்க?"

அவர் மனைவிக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆகவே அத்தனை வருஷமும் அத்தனை பிரசங்கியாரும் அவளுக்குத் தன் புருஷனுடைய குரலில்தான் கிடைத்தார்கள். பரலோகம் என்றாலும் அந்தக் குரல், நரகம் என்றாலும் அந்தக் குரல். வீட்டில் உப்பு போதவில்லை என்று சொல்கிற அதே குரல்.

மகன் வளர்ந்து ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டி அனுப்புகிற வேலை. இரவு முறை, பகல் முறை என்று மாறி மாறி வந்ததால் கிடங்குக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டான். முதலில் ஞாயிறுதோறும் வந்தான். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு போனில் பேச்சு குறைந்து, சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன், தூங்கினியா என்றால் தூங்கினேன் என்று ஆனது. வேலை அலுப்பு என்று தகப்பன் நினைத்தார். தாய் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இவர் தள்ளினார். ஒரு மழை நாளின் மதியத்தில் மகன் அந்த அறையிலேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். எழுதி ஒன்றும் வைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டும், மடித்து வைத்த சீருடையும் இருந்தன.

அடக்கத்தின்போது யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சபையின் போதகர் நல்ல மனிதர். வழக்கமாக இன்னார் இளைப்பாறுதலுக்குள் போய்விட்டார் என்று ஒரு வாக்கியம் வருமே, அதை மட்டும் விட்டுவிட்டு ஜெபத்தை முடித்தார். வந்தவர்கள் கைகளைப் பிடித்தார்கள், தலையை ஆட்டினார்கள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். செத்தவர் எங்கே போனார் என்று எவருமே சொல்லாத ஒரே சாவு தங்கள் வீட்டுச் சாவுதான் என்பது தாய்க்கு அங்கேயே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, ஈரத் துண்டைக்கூட உதறாமல் கேட்டாள்.

"அவன் எங்கங்க?"

"ஆண்டவர்கிட்ட இருக்கான்."

"மேடையில நீங்க அப்படிச் சொல்லலையே."

அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள். மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், உயரமாக, நீலக் கோட்டுப் போட்ட ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்கிறவன் எங்கே கண் விழிக்கிறான் என்று பேசினார். அன்றைக்கு எதிரொலி சொன்னதை அவள் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். எங்கே நிறுத்தினார், எங்கே குரலை இறக்கினார் என்பதுகூட அப்படியே வந்தது. நீலக் கோட்டுக்காரர் சொன்னது இரண்டே வரி என்பது எதிரொலிக்கு நன்றாக நினைவிருந்தது. மிச்சமெல்லாம் இவருடைய கைச்சரக்கு.

அதன் பிறகு அவள் சபைக்குப் போகவில்லை. வீட்டு வேலைகளைச் செய்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அடுப்பு மட்டும் அவளிடமிருந்து நழுவிப் போனது. இவர் கடைக்குப் போகும் முன் எதையாவது சமைத்து வைத்துவிட்டுப் போவார், திரும்பி வரும்போது அது பாதி அப்படியே இருக்கும். ஒரு நாள் மறந்துவிட்ட சாவியை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தவர் சமையலறையில் அவளைப் பார்த்தார். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, இடது கையின் சுண்டுவிரலை அதன் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. எதையோ அளந்து பார்க்கிறவளின் கவனம் இருந்தது.

அவர் பாய்ந்து அடுப்பை அணைத்து, அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார்.

"என்ன பண்ற நீ? பைத்தியமா உனக்கு?"

"அவன் எவ்வளவு தாங்குவான்னு பாத்தேங்க. சின்ன வயசுல சூடான பாலைக்கூட குடிக்க மாட்டான்."

அந்த விரலில் பழைய தழும்பு ஒன்றும் இருந்தது. இது முதல் தடவை அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மகனை அந்த நெருப்பிலிருந்து எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும். அதாவது, அவள் மனதில் எரிகிற நெருப்பிலிருந்து. அதை மூட்டியவர் வேறு யாருமில்லை என்பதால் அணைக்க வேண்டியவரும் அவர்தான்.

வேதத்தைப் பழைய மொழிகளில் படிக்கச் சொல்லித்தருகிற ஒரு வாத்தியார் அந்த ஊரில் இருந்தார். எபிரெயமும் கிரேக்கமும் கரைத்துக் குடித்தவர். சின்ன எழுத்துகளையே பார்த்துப் பார்த்துக் கண் போய், வருஷத்துக்கு ஒரு தரம் லென்ஸ் மாற்ற இந்தக் கடைக்குத்தான் வருவார். அந்த முறை வந்தபோது எதிரொலி அவரைப் பின்னறைக்கே கூட்டிவந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், ஹெல்னு வேதத்துல வருதே, அதுக்குப் பின்னாடி இருக்கிற வார்த்தை என்ன?"

வாத்தியார் சிரித்தார். "வார்த்தை இல்லீங்க. வார்த்தைகள். பழைய இங்கிலீஷ் வேதத்துல ஒரு ஹெல் இருக்குன்னா அதுக்குப் பின்னாடி நாலு பேர் ஒளிஞ்சிருக்காங்க."

இயந்திரம் நின்றிருந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து தேய்ப்புக் கல்லின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வாத்தியார் வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். எபிரெயத்தில் ஷியோல். நெருப்பு கிடையாது, கூச்சல் கிடையாது. மண்ணுக்குக் கீழே, இருட்டாக, அமைதியாக, செத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேருகிற இடம். நல்லவன், கெட்டவன், ராஜா, கூலிக்காரன் எல்லாருக்கும் ஒரே வாசல். கிரேக்கத்தில் அதற்குப் பதிலாக ஹேடீஸ் என்று எழுதினார்கள், பெரும்பாலும் அதே அர்த்தம்தான். டார்டரஸ் என்று ஒன்று, வேதத்தில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் தப்புச் செய்த வானதூதர்களுக்கு.

"வேடிக்கை என்னன்னா, இங்கிலீஷ்ல எழுதினவங்க ஷியோலை ஏறக்குறைய பாதி இடத்துல கல்லறைன்னு எழுதினாங்க, பாதி இடத்துல ஹெல்னு எழுதினாங்க. ஒரு தகப்பன் இருக்கார், பன்னிரண்டு ஆம்பிளைப் பிள்ளை. அதுல ஒருத்தனை மிருகம் அடிச்சிருச்சுன்னு ரத்தக்கறை படிஞ்ச அங்கியைக் காட்டுறாங்க. அவர் ஆறுதலே வேண்டாங்கிறார். நான் அழுதுகிட்டே என் பிள்ளைகிட்ட ஷியோலுக்கே இறங்கிப் போயிடுறேங்கிறார். அங்க ஹெல்னு எழுத மனசு வருமா? கல்லறைன்னு எழுதிட்டாங்க. கெட்டவன் போனா அதே வார்த்தை ஹெல்."

எதிரொலி ஃபிரேமை மேசை மேல் வைத்தார்.

"பிள்ளைகிட்டன்னா சொல்றார்?"

"ஆமா. பிள்ளை அங்க இருக்கான், நானும் அங்க போறேன். அவ்வளவுதான்."

"நம்ம தமிழ்லயும் இப்படிக் கலந்துதான் இருக்கா?"

"இல்லையே. தமிழ்ல பாதாளம், நரகம்னு பெரும்பாலும் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க. மேடையிலதான் எல்லாம் ஒண்ணாயிருது."

குத்திக்காட்ட வேண்டும் என்று வாத்தியார் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதுகூட அந்த நேரம் அவருக்கு நினைவில்லை. எதிரொலி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நாலாவது வார்த்தை எது என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கெஹென்னா. அது நிஜமான ஒரு இடம். எருசலேமுக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கு. அங்க குப்பை எரிச்சாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்குச் சரியான ஆதாரம் இல்லை. அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு ஆதாரம் வேதத்துலயே இருக்கு. தகப்பன்மார் தங்களோட சொந்தப் பிள்ளைங்களைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தாக்குல நெருப்புல போட்டாங்க. பக்தின்னு நினைச்சுத்தான் போட்டாங்க. நான் அப்படிக் கேட்கவே இல்லையே, என் மனசுல அப்படி ஒரு நினைப்பே வரலையேன்னு கடவுள் சொல்றார். நெருப்பு நரகத்துக்கு அந்தப் பேர்தான் வந்துச்சு."

வாத்தியார் போன பிறகு அவர் வெகுநேரம் இயந்திரத்தைப் போடவில்லை. பக்தி என்று நினைத்துப் போட்டார்கள். அந்த வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை. போகும்போது வாத்தியார் வாசலில் நின்று இன்னொன்றும் சொல்லியிருந்தார். இதை வைத்துக்கொண்டு நரகமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்குத் தெரிந்தது வார்த்தை மட்டும்தான், அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் இல்லை. யோக்கியமான மனிதர். அந்த யோக்கியத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது.

அன்று சாயங்காலம் மனைவியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பள்ளத்தாக்கை மட்டும் விட்டுவிட்டார். அழுதுகொண்டே பிள்ளையிடம் இறங்கிப் போகிறேன் என்ற தகப்பனைப் பற்றி இரண்டு முறை சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தீய்ந்த விரலைப் புடவை நுனியால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இதை ஏன் அப்பவே மேடையில சொல்லல?"

"அப்பத் தெரியாது."

"தெரியாமலா அவ்வளவு நேரம் பேசினீங்க?"

அவள் சண்டைக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. தனக்குத்தானே யோசிக்கிறவள்போலச் சொன்னாள்.

"ஊரான் பிள்ளை செத்தப்பெல்லாம் நெருப்பு இருந்துச்சு. நம்ம பிள்ளை போனதும் அணைஞ்சிருச்சுங்கிறீங்க. நீங்க அவனோட அப்பா. என்னைத் தேத்துறதுக்கு என்ன வேணா சொல்லுவீங்க. மேடையில நின்னு ஒரு பிரசங்கியார் சொல்லட்டும், நான் நம்புறேன்."

மேடை. சரி. எதிரொலிக்கு மேடை கிடைப்பதா கஷ்டம்? வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வரவிருந்தார். ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், வேறு ஆள் பார்க்கிறேன் என்று போதகர் சொல்லியும் இவர் கேட்கவில்லை. நானே நிற்கிறேன் என்றார். பின்னறையில் லென்ஸ் தேய்த்தபடியே சொல்ல வேண்டியதை முணுமுணுத்து முணுமுணுத்து மனதில் ஏற்றிக்கொண்டார். ஹெல் என்ற வார்த்தை எப்படியும் வரும். வராத பிரசங்கம் உண்டா? வந்ததும், இத்தனை நாள் நெருப்பைச் சேர்த்த இடத்தில் இதைச் சேர்ப்பது. அவ்வளவுதான். பித்தலாட்டம்தான். ஆனால் இதுவரை செய்ததெல்லாம் மட்டும் என்ன?

அவளை வற்புறுத்திக் கூட்டிப் போனார். பழைய மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. வந்திருந்த பிரசங்கியார் குள்ளமாக, வழுக்கைத் தலையுடன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். முக்கால் மணி நேரம் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். எதிரொலி அதை ஒன்றும் சேர்க்காமல், சுருக்கமாகச் சொல்லி வந்தார். கூட்டத்துக்கே ஆச்சரியம். கடைசியில் அந்த வார்த்தை வந்தது. ஹெல் உண்மை என்று பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார்.

எதிரொலி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"எனக்கு ஒரு பிள்ளை இருந்தான்," என்றார். "தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டான். அவன் நெருப்புல இருக்கான்னு நான் ரொம்ப நாள் நினைச்சேன். பழைய வார்த்தையைப் போய்ப் பார்த்தேன். அங்க நெருப்பு இல்லை. இருட்டா, அமைதியா, எல்லாரும் போற இடம்தான் இருந்தது. களைச்சுப் போன பிள்ளை அங்க படுத்திருக்கான். யாரும் அவனை எழுப்பலை, யாரும் அவனைச் சுடலை. ஒரு நாள் நானும் அழுதுகிட்டே அவன்கிட்ட இறங்கிப் போவேன்."

பிறகு முன் பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் ஆமென் என்றார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். பிரசங்கியார், இவரைப் பற்றி ஏற்கெனவே சொல்லி அழைத்து வந்திருப்பார்கள் போலிருக்கிறது, புன்னகையோடு காத்திருந்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார். இரண்டு மொழியும் தெரிந்தவர் அங்கே போதகர் ஒருவர்தான். அவர் எதிரொலியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரை நிமிரவில்லை.

எதிரொலி மனைவியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு உடம்பு லேசானது. கூட்டம் முடிந்ததும் ஆட்களை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாவங்க அந்த மனுஷன். அவருக்கும் நம்மளை மாதிரியே ஒரு பிள்ளை."

அவருக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது, அவள் சொன்னது பிரசங்கியாரை. பக்கத்தில் நின்ற பெண்களும் உச்சுக் கொட்டிக்கொண்டு பிரசங்கியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷமாக இந்த மேடையில் எத்தனையோ பேருடைய நானைச் சுமந்தவர், முதல் தடவையாகத் தன்னுடைய நானைச் சொல்லியிருக்கிறார், போதகரைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டிய மனைவிக்கே தெரியவில்லை.

"அது நான் சொன்னதும்மா. நான்தான். நம்ம பிள்ளையைத்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கனிவுதான் இருந்தது. "எனக்காக அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க எப்பவும் அவங்க சொல்றதைத்தானே சொல்லுவீங்க. அவர் பிள்ளை நெருப்புல இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவு தெளிவாச் சொல்றார். நம்ம பிள்ளையும் அப்படித்தானான்னு ஒரு வார்த்தை கேட்டுரலாம் வாங்க."

அவர் தடுத்துப் பார்த்தார். பிரசங்கியார் களைத்திருப்பார், நாளை கேட்கலாம், போதகரிடம் கேட்கலாம் என்றார். அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். இத்தனை மாதமாக எதற்கும் அசையாமல் இருந்தவள்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறை. மடக்கு நாற்காலிகள், சுருட்டிய ஒயர், பிரசங்கியாருக்கு வைத்த தண்ணீர் பாட்டில். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் கைகளைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, எங்க பிள்ளையும் உங்க பிள்ளை மாதிரித்தான் போனான்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "அவனும் அந்த அமைதியான இடத்துலதான் இருக்கானான்னு கேளுங்க. அவர் சொல்றதை உள்ளபடி சொல்லுங்க."

எதிரொலிக்கு ஒரு வழி இருந்தது. என் மனைவிக்காக ஜெபியுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். அவர் கண்ணை மூடி ஏதாவது சொல்லியிருப்பார், இவரும் வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தும் இருந்தார். ஆனால் வாய் பழகிய வாய். பக்கத்தில் ஒருத்தர் பேசி நிறுத்தினால் அது தானாகத் திறந்துகொள்ளும். உங்கள் பிள்ளை மாதிரி என்பதை மட்டும் எப்படியோ முழுங்கினார். எங்கள் மகன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான், அவன் எங்கே இருக்கிறான் என்று இவள் கேட்கிறாள் என்று மிச்சத்தை அப்படியே சொல்லிவிட்டார்.

பிரசங்கியாரின் முகம் மாறியது. அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கியது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, நீளமாகப் பேசினார். பொய்யான ஆறுதல் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். கடவுள் இரக்கமுள்ளவர் என்றார், நியாயமுள்ளவர் என்றும் சொன்னார். உயிர் நம்முடையது அல்ல, அதை எடுக்கிறவனைப் பற்றி வேதம் தரும் எச்சரிப்பை மறைத்தால் தான் ஊழியக்காரனே இல்லை என்றார். இடையில் அந்த வார்த்தையும் வந்தது, ஒருமுறை அல்ல, இரண்டு முறை. உங்கள் மகனைப் பற்றி மட்டும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், மிச்சம் இருக்கிற நீங்கள் இரண்டு பேரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று முடித்தார். முடித்துவிட்டு, எதிரொலியைப் பார்த்துத் தலையசைத்தார். இப்போது உங்கள் முறை என்று பிரசங்கியார்கள் காட்டுகிற சைகை அது.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை அவரால் பார்க்க முடியவில்லை. ஒயர்ச் சுருளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆமாங்கிறார். நம்ம பிள்ளையும் அங்கதானாம்."

அவள் பிரசங்கியாரைப் பார்த்தாள், ஈரமான அவர் கண்களைப் பார்த்தாள், பிறகு மறுபடி கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தையைப் பத்தாக்குகிற மனிதரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

"அவர் அவ்வளவு நேரம் பேசினாரே," என்றாள். "மீதியையும் சொல்லுங்க."

எதிரொலி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிரசங்கியார் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் பிரசங்கியாரின் பிடியிலிருந்து கைகளை மெல்ல உருவிக்கொண்டு, சுண்டுவிரலைப் புடவை நுனியால் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.